“உரிமை வெள்ளைக்காரன் பேச்சு, நமக்குக் கடமைதான்”: ஒரு மூன்று நாள் பயிலரங்கின் நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவு பற்றி

மலேசியாவில் தமிழில் நடந்த மனித உரிமைப் பயிலரங்கு ஒன்றில் என்ன நடந்தது, நான் எங்கே தவறினேன், பிறகு என்ன செய்தோம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஊர், ஏற்பாட்டாளர், கலந்துகொண்டவர்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். முக்கியமாக வரும் இருவரும் இதைப் படித்துவிட்டுச் சம்மதம் சொன்ன பிறகே வெளியிடுகிறேன்.

பின்னணி

பயிலரங்கில் 26 பேர். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், சமூக இயக்கங்களில் இருப்பவர்கள், சட்டம் படிக்கும் மாணவர்கள் சிலர். நான்கு பேர் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தார்கள், மற்றவர்கள் மலேசியர்கள். மூத்தவருக்கு 71 வயது, இளையவருக்கு 20. வார இறுதி இளைஞர் வகுப்புகளில் 15 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நடத்த, ‘மனித உரிமையும் நம் பண்பாடும்’ என்ற தலைப்பில் 40 நிமிடப் பாடம் ஒன்றைச் சேர்ந்து எழுதுவதுதான் மூன்று நாள் வேலை. நடத்துநர்கள் இருவர்: நானும், என்னைவிட அனுபவம் மிகுந்த ஒரு சக நடத்துநரும்.

தலைப்பில் ‘பண்பாடு’ என்ற சொல்லைச் சேர்த்தது தற்செயல் அல்ல. 1991இல் சிங்கப்பூர் அரசு ஐந்து பொது விழுமியங்களை வெள்ளை அறிக்கையாக வெளியிட்டது. அதில் முதலாவது, சமூகத்துக்கு முன் நாடு, தனிமனிதருக்கு மேல் சமுதாயம் என்பது. 1993இல் பேங்காக்கில் கூடிய ஆசிய அரசுகள், மனித உரிமைகள் பொதுவானவைதான், ஆனால் நாட்டுக்கு நாடு, வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும் வரலாறு, பண்பாடு, சமயம் ஆகியவற்றையும் மனத்தில் கொள்ள வேண்டும் என்று அறிவித்தன. 1997இல் அப்போதைய மலேசியப் பிரதமர் மகாதீர், ஐ.நா. சபை 1948இல் ஏற்ற அனைத்துலக மனித உரிமைப் பிரகடனத்தையே மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றார். எங்கள் வட்டாரத்தில் 40 வயதைத் தாண்டிய எவரும் ‘ஆசிய விழுமியங்கள்’ என்ற பேச்சைக் காதில் வாங்காமல் வளர்ந்திருக்க முடியாது.

அந்தப் பேச்சு 1997, 1998 நிதி நெருக்கடியோடு ஓய்ந்துவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். கட்டுரைகளில் ஓய்ந்திருக்கலாம். வீட்டுக் கூடத்தில் அது இன்னும் அன்றாடப் பேச்சாகவே இருக்கிறது என்பதைக் கவனிக்காமல் போனேன்.

முதல் நாள்: ஆவணத்திலிருந்து தொடங்கினேன்

காலை முழுவதும் 1948 பிரகடனத்தை விதி விதியாக எடுத்துச் சொன்னேன். டிசம்பர் 10ஆம் தேதி ஆதரவாக 48 நாடுகள், எதிராக ஒன்றுகூட இல்லை, விலகி நின்றவை 8 என்று திரையில் எண்களைக் காட்டினேன். தேநீர் முடிந்து எல்லாரும் உட்கார்ந்ததும், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுந்தார். அறையில் மூத்தவர் அவர்தான்.

“தம்பி, நல்லாத்தான் பேசுறீங்க. ஆனா இதெல்லாம் வெள்ளைக்காரன் எழுதுனது. நம்ம பண்பாட்டுல உரிமைன்னு ஒண்ணு கிடையாது, கடமைதான். அப்பா தன் கடமையைச் செஞ்சா பிள்ளைக்கு உரிமை தானா வந்துடும்.”

பின் வரிசையில் ஏழெட்டுப் பேர் தலையாட்டினார்கள். என்னிடம் பதில் தயாராக இருந்தது. பிரகடனத்தின் முதல் விதியில் ‘எல்லா ஆண்களும்’ என்று பொருள்படும்படி இருந்ததை ‘எல்லா மனிதரும்’ என்று மாற்ற வைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. வரைவுக் குழுவில் சீனாவின் பி.சி. சாங் இருந்தார், லெபனானின் சார்லஸ் மாலிக் இருந்தார். இது வெள்ளைக்காரன் மட்டும் எழுதியதல்ல என்றேன். சொன்னது எல்லாம் உண்மைதான். ஆனால் அவருடைய கேள்வி அது இல்லை.

“நாலு பேரு பேரைச் சொல்லிட்டா ஆச்சா? அந்த ஓட்டெடுப்புல மலாயா இருந்துச்சா சார்?”

இல்லை. 1948இல் மலாயா பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தது. அந்த ஆண்டு ஜூனில்தான், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க, இங்கே அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அவர் விடவில்லை. மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதம் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டதைச் சொன்னார். பிரகடனத்துக்கு ஆதரவாக பிரிட்டன் வாக்களித்து ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

“அங்க கையைத் தூக்குனவனேதான் இங்க கயித்தை மாட்டுனான். இதை எந்தப் பக்கத்துல போட்டிருக்கீங்க?”

நான் எந்தப் பக்கத்திலும் போட்டிருக்கவில்லை. பதில் இல்லாமல் நின்ற அந்த நேரத்தில்தான் இந்த மூன்று நாளின் மிகப் பெரிய தவற்றைச் செய்தேன். முன் வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த சட்ட மாணவி ஒருவரைக் காட்டி, “நீங்க சொல்லுங்கம்மா, உங்க தலைமுறை என்ன நினைக்குது?” என்று கேட்டுவிட்டேன். அவர் கை தூக்கவில்லை. என் சிக்கலிலிருந்து நான் தப்பிக்க அவரை எழுப்பி நிற்க வைத்தேன்.

அவர் சற்று யோசித்துவிட்டுப் பேசினார். அண்ணன் வெளியூரில் படிக்கப் போனபோது வீட்டில் யாரும் எதுவும் பேசவில்லை. தனக்கு இடம் கிடைத்தபோது குடும்பமே கூடியது. “பதினோரு பேரு உட்கார்ந்து பேசினாங்க சார். எல்லாரும் பேசினாங்க, என்னைத் தவிர.”

தலைமையாசிரியர் கனிவாகத்தான் சொன்னார்: “அது உன் மேல உள்ள அக்கறைம்மா.” பின்னால் சிலர் சிரித்தார்கள். மாணவி உட்கார்ந்துவிட்டார். அன்று மாலை வரை அவர் வாய் திறக்கவில்லை, பேனாவையும் மூடி வைத்துவிட்டார்.

ஐந்து மணிக்கு அறையைப் பார்த்தபோது காலையில் கலந்து உட்கார்ந்திருந்தவர்கள் பிரிந்திருந்தார்கள். பெரியவர்கள் சன்னல் ஓரமாக, இளையவர்கள் கதவுப் பக்கமாக. கருத்துச் சீட்டுகளில் 9 பேர், ‘நம் பண்பாட்டைக் குறை சொல்கிறீர்கள்’ என்ற பொருளில் எழுதியிருந்தார்கள்.

அன்று இரவு: எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இரவு உணவுக்குப் பிறகு நானும் சக நடத்துநரும் உட்கார்ந்து பேசினோம். தலைமையாசிரியரின் வாதத்தை எப்படி முறியடிப்பது என்றுதான் நான் ஆரம்பித்தேன். சக நடத்துநர் என்னை நிறுத்தினார். “அவரு பண்பாட்டைப் பத்திப் பேசலை. அவமானத்தைப் பத்திப் பேசினாரு. நீங்க பண்பாட்டுக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருந்தீங்க.”

அந்த ஒரு பேச்சு எல்லாவற்றையும் பிரித்துக் காட்டியது. அன்று எழுந்தது ஒரு கேள்வி அல்ல, மூன்று கேள்விகள். இந்தப் பிரகடனத்தை யார் எழுதினார்கள் என்பது முதலாவது. அதைக் கையில் வைத்துக்கொண்டே எங்களை நசுக்கினார்களே என்பது இரண்டாவது. மாணவி கொண்டுவந்தது மூன்றாவது: ‘நாம்’ என்று சொல்லும்போது அந்த நாமில் யார் பேசுகிறார், யாரைக் கேட்பதே இல்லை? முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொன்னேன். இரண்டாவதைக் கேட்காதது போல் விட்டேன். மூன்றாவதை ஒரு மாணவியின் தலையில் சுமத்தினேன்.

பெரியவர்களையும் இளையவர்களையும் தனித்தனிக் குழுவாக்கலாமா என்று யோசித்தோம். அமைதியாக நடக்கும். ஆனால் பாடத்தை வகுப்பில் நடத்தப் போவது பெரும்பாலும் பெரியவர்கள், கேட்கப் போவது இளையவர்கள். இங்கே பிரித்துவிட்டால் அங்கே மோதும். அதனால் வேண்டாம் என்று முடிவு செய்தோம். பண்பாட்டுப் பேச்சையே ஓரம் கட்டிவிட்டுச் சட்டத்தை மட்டும் நடத்தலாம் என்ற யோசனையும் வந்தது. அப்படிச் செய்தால் தலைமையாசிரியர் சொன்னது சரி என்று ஆகிவிடும்: இவர்களிடம் பதில் இல்லை.

கடைசியில் எடுத்த முடிவு இது. 1948 பிரகடனத்தை மறுநாள் மதியம் வரை தொடக்கூடாது. அதற்கு முன்பே எங்கள் மக்களே எழுதிய ஒரு கோரிக்கைப் பட்டியலிலிருந்து தொடங்குவது. யாரையும் பெயர் சொல்லிப் பேச அழைக்காமல், பெயரில்லாத சீட்டில் எழுத வைப்பது. தலைமையாசிரியரிடம் அன்று இரவே பேசி, காலை அமர்வில் பட்டியலைப் படித்துக்காட்ட உதவி கேட்பது.

அவரைப் பார்க்க நான் போனேன். மாணவியைப் பார்க்கச் சக நடத்துநர் போனார். நான்தான் போயிருக்க வேண்டும். காலையில் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

இரண்டாம் நாள் காலை: 1941இன் பட்டியல்

1941இல் மலாயாவின் கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் அதை முன்னின்று நடத்தினார். பிரிட்டிஷ் நிர்வாகம் அவரைக் கைது செய்து நாடு கடத்தியது. படை இறங்கியது, தொழிலாளர் உயிர்கள் போயின. அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் சிலவற்றை எளிய தமிழில் அச்சிட்டு ஆளுக்கொரு தாளாகக் கொடுத்தோம். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி. பிள்ளைகளுக்குப் படிப்பு. ஒழுங்கான மருத்துவம். கள்ளுக்கடைகளை மூடுவது. பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது. பேசவும் கூடவும் சுதந்திரம். சங்கம் அமைக்க அனுமதி.

தலைமையாசிரியர் பள்ளிக்கூடக் குரலில் வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தார். ஒரு வரியில் நின்றுவிட்டார். வெள்ளைக்கார நிர்வாகிகள் முன்னாலும் ஆசியப் பணியாளர்கள் முன்னாலும் சைக்கிளிலிருந்து இறங்காமல் போக அனுமதி வேண்டும் என்ற வரி அது.

தாளை மேசைமேல் வைத்தார். எதுவும் சொல்லாமல் தன் நாற்காலியை முன்னால் இழுத்து, அதன் முதுகை இரண்டு கையாலும் சைக்கிள் கைப்பிடி மாதிரிப் பிடித்துக்கொண்டு, ஓரமாக ஒதுங்கி, தலையைக் குனிந்து நின்றார். பத்து விநாடி இருக்கும். “எங்கப்பா இப்படித்தான் நிப்பாராம். பெரட்டுக்குப் போற வழியில தொரை வர்ற சத்தம் கேட்டாலே இறங்கிடணும். கிராணிக்கும் இறங்கணும்.” பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணும் கூட்டம், தொரை வெள்ளைக்கார நிர்வாகி, கிராணி தோட்டத்து எழுத்தர். நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். “கிராணி நம்ம பாஷைதான் பேசுவாரு.”

நானாக இதைத் திட்டமிட்டிருந்தால்கூட இப்படி வந்திருக்காது. அந்தக் கோரிக்கையின் உயிரே அந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது. துரைக்கு முன்னால் மட்டும் அல்ல, நம்மவருக்கு முன்னாலும் இறங்க மாட்டோம் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். ஐ.நா. சபை பிறப்பதற்கு நான்கு ஆண்டுக்கு முன், பிரகடனத்துக்கு ஏழு ஆண்டுக்கு முன், லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் குடியிருந்த, பால்மரம் வெட்டுகிற சனம் எழுதியது.

நான் ஒன்று மட்டும் கேட்டேன்: “சார், அப்பா கேட்டது உரிமையா, கடமையா?”

“மரியாதை,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “சரி, நீங்க உரிமைன்னு சொன்னா நான் சண்டைக்கு வரலை.”

அப்புறம் சிங்கப்பூரிலிருந்து வந்த ஓர் இளைஞர் தானாகவே கை தூக்கினார். விசாரணை இல்லாமல் தடுத்து வைக்கும் சட்டத்தைப் பற்றிப் பேசினார். ஒழுங்கும் பொதுநலமும் முதலில், அதுதான் நம் வழி என்று சொல்லித்தானே அதை ஆதரித்தார்கள்? ஆனால் அந்த அதிகாரம் 1948 அவசரகாலத்தில் பிரிட்டிஷ்காரர்கள் போட்ட விதிகளிலிருந்து வந்தது. அவசரகாலம் முடிந்த 1960இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமாக நிலைத்தது. 1987 அக்டோபரில் மலேசியாவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்ததும் அந்தச் சட்டத்தில்தான். மலேசியாவில் அது 2012இல் நீக்கப்பட்டது, சிங்கப்பூரில் இன்னும் இருக்கிறது.

“கணபதியைப் பத்தி ஐயா நேத்துச் சொன்னாரு. அவரைத் தூக்குல போட்ட காலத்துச் சட்டத்தோட வாரிசைத்தான் நாம ஆசியப் பண்பாடுன்னு சொல்லிக்கிட்டு இருந்தோமா?” என்று கேட்டார்.

தலைமையாசிரியர் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்த இளைஞரைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார். முந்திய நாள் சன்னலுக்கும் கதவுக்கும் இடையே இருந்த வெற்றிடம் அன்று மதியச் சாப்பாட்டுக்குள் காணாமல் போயிருந்தது.

இரண்டாம் நாள் பிற்பகல்: சீட்டுகளும் இரண்டு அறிவிப்புகளும்

பெயரில்லாச் சீட்டில் ஒரே கேள்வி: ‘நம் பண்பாடு’ என்று உங்கள் வீட்டில் கடைசியாகச் சொல்லப்பட்டபோது சொன்னது யார், கேட்கப்படாதது யார்?

26 சீட்டுகளில் 17இல், கேட்கப்படாதவர் மகள், மருமகள் அல்லது மனைவி. இதை எதிர்பார்த்தோம். எதிர்பாராதது மற்றொன்று: 5 சீட்டுகளில் கேட்கப்படாதவர் வயதானவர். வீட்டை விற்றபோது கேட்கவில்லை, மனைவி இறந்த பின் எந்தப் பிள்ளை வீட்டில் இருப்பது என்று கேட்கவில்லை, எல்லாமே ‘பெரியவங்களைச் சிரமப்படுத்தக் கூடாது’ என்ற பெயரில். யார் எழுதியது என்று நாங்கள் பார்க்கவில்லை. படித்துக் காட்டியபோது அறையில் யாரும் அசையவில்லை. ‘பண்பாடு மூத்தவர்களின் ஆயுதம், உரிமை இளையவர்களின் ஆயுதம்’ என்று நான் மனத்துக்குள் போட்டு வைத்திருந்த கணக்கு அந்த ஐந்து சீட்டுகளோடு சரிந்தது.

இதன் பிறகுதான் ஆவணங்களைக் கையில் எடுத்தோம், அதுவும் 1948லிருந்து அல்ல, 1993லிருந்து. பேங்காக்கில் அரசுகள் கூடுவதற்குச் சில நாள் முன்னால், அதே நகரத்தில் ஆசியாவின் நூற்றுக்கும் மேற்பட்ட தன்னார்வ அமைப்புகள் கூடித் தனியாக ஓர் அறிவிப்பு வெளியிட்டன. பண்பாட்டுப் பன்மையை மதிக்கிறோம், ஆனால் பெண்களின் உரிமை உட்பட மனித உரிமையைக் குலைக்கும் பண்பாட்டு வழக்கத்தைச் சகிக்க முடியாது என்றது அது. இரண்டு அறிவிப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தோம். ஆசியா இரண்டிலும் இருக்கிறது. ஒன்றில் ஆள்பவர்கள் பேசுகிறார்கள், மற்றதில் அவர்களைக் கேள்வி கேட்பவர்கள். அதே ஆண்டு ஜூனில் வியன்னாவில் 171 நாடுகள் ஏற்ற அறிவிப்பு, வட்டாரத் தனித்தன்மைகளை மனத்தில் கொள்ளச் சொல்கிறது, ஆனால் எந்த அரசியல், பண்பாட்டு முறையில் இருந்தாலும் எல்லா உரிமைகளையும் காப்பது அரசின் கடமை என்றும் சொல்கிறது. ‘கடமை’ என்ற சொல் அதில் வந்ததும் தலைமையாசிரியர் அடிக்கோடு போட்டார். கடமை இருக்கிறது, ஆனால் இங்கே அது ஆள்கிறவரின் கடமை என்று பக்கத்திலிருந்தவரிடம் அவரே விளக்கினார்.

1994இல் சிங்கப்பூரின் முன்னாள் பிரதமர் லீ குவான் யூவும் கொரியாவின் கிம் தே ஜுங்கும் ஒரே அமெரிக்க இதழின் பக்கங்களில் எதிரெதிராக வாதாடியதையும் சொன்னேன். ஆசியாவின் பழைய மரபிலேயே மக்களாட்சிக்கு வேர் உண்டு என்பது கிம்மின் வாதம். சிறையும் மரண தண்டனைத் தீர்ப்பும் கண்டு வந்த அவர், 1997 டிசம்பரில் தென் கொரியாவின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே 1994இல் மலேசியத் துணைப் பிரதமராக இருந்த அன்வார் இப்ராகிம், எதேச்சாதிகாரத்துக்கு ஆசிய விழுமியங்களைச் சாக்காகச் சொல்வது வெட்கக்கேடு என்று பேசினார். 1998 செப்டம்பரில் அவரே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் தடுத்து வைக்கப்பட்டார். இந்த வாதம் மேற்குக்கும் கிழக்குக்கும் நடந்ததைவிட நமக்குள்ளேயே அதிகம் நடந்தது என்பதைக் காட்டவே இவற்றை எடுத்தேன். முதல் நாள் நான் அடுக்கிய பெயர்கள் எடுபடவில்லை, இரண்டாம் நாள் இவை எடுபட்டன. சைக்கிளுக்குப் பிறகு வந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள்: வாக்கா, பேசி ஒத்துக்கொள்வதா

பாடம் எழுதும் நாள். ஒரு வாக்கியத்தில் வண்டி நின்றுவிட்டது. மூத்தவர்கள் குழு எழுதி வந்தது: ‘நம் பண்பாட்டில் தனிமனிதரைவிடக் குடும்பமும் சமுதாயமும் மேலானவை.’ நீக்க வேண்டும் என்றார்கள் இளையவர்கள். வாக்கெடுப்பு நடத்தலாம் என்று ஒருவர் சொன்னதும் தலைமையாசிரியர் மறுத்தார். “ஓட்டுப் போட்டா ஜெயிச்சவன், தோத்தவன்னு ஆகிடும். நாளைக்கு ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிக்கணும். பேசி ஒத்துக்கலாம்.” அதற்கு ஓர் இளம் ஆசிரியை, “பேசி ஒத்துக்கிறதுன்னா கடைசியில பெரியவங்க சொன்னதுதான் சார் நடக்கும். சின்னவங்க வாயை மூடிக்கிறதுக்குப் பேரு ஒத்துக்கிறது இல்ல,” என்றார்.

இருவர் சொன்னதும் சரி. பாடத்தின் உள்ளடக்கமாக நாங்கள் வைத்திருந்த விவாதம், எப்படி முடிவெடுப்பது என்ற கேள்வியாக எங்கள் மடியிலேயே வந்து விழுந்திருந்தது. வாக்கெடுத்திருந்தால் அந்த வாக்கியம் சிறு வித்தியாசத்தில் தோற்றிருக்கும் என்பது என் கணிப்பு. ஆனால் தோற்ற பத்துப் பன்னிரண்டு பேரும் அந்தப் பாடத்தைத் தங்கள் வகுப்பில் நடத்தியிருக்க மாட்டார்கள். இன்னும் பேசிக்கொண்டே போயிருந்தால், ஆசிரியை சொன்னதுதான் நடந்திருக்கும்.

வேறொரு முறையை வைத்தோம். ஆளுக்கு இரண்டு நிமிடம், வயதில் இளையவர் முதலில். யாரும் யாருக்கும் பதில் சொல்லக் கூடாது. பேச விரும்பாதவர் எழுதித் தரலாம், அதையும் விரும்பாதவர் விட்டுவிடலாம். மூத்தவர் பேசும்போது அவருக்கு முன் 25 பேரின் கருத்து வந்திருக்கும். மரியாதை குறையாது, ஆனால் பெரியவர் முதலில் சொல்லிவிட்டதால் மற்றவர்கள் அடங்கிப் போவதும் இருக்காது. இதற்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் பிடித்தது.

சட்ட மாணவி பேசவில்லை. ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: ‘குடும்பம் மேலானது என்றால், அந்தக் குடும்பத்தில் நானும் ஒருத்தி.’

கடைசியாகப் பேச வேண்டிய தலைமையாசிரியர் தன் இரண்டு நிமிடத்தில் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கி இன்னொரு முறை படித்தார். “என் வாக்கியத்தை எடுக்காதீங்க. அதுக்குக் கீழ இதைப் போடுங்க. ரெண்டையும் பிள்ளைங்க படிக்கட்டும்,” என்றார். பாடத்தில் அப்படியே சேர்த்தோம். இரண்டுக்கும் கீழே மாணவர்களுக்கு ஒரு கேள்வி: உங்கள் வீட்டில் ஒரு முடிவு எடுக்கும்போது யாரை எல்லாம் கேட்கிறார்கள்?

எல்லாரும் திருப்தி அடையவில்லை. இது நழுவல், உரிமைப் பாடத்தில் உரிமையை ‘ஒரு கருத்து’ ஆக்கிவிட்டீர்கள் என்று சமூக இயக்கத்தில் இருக்கும் ஒருவர் சொல்லி, பாடத்தில் தன் பெயர் வேண்டாம் என்றுவிட்டார். அவர் சொன்னதில் பாதி சரி என்பது என் எண்ணம். அதனால் அன்று பிற்பகலே ஓர் எல்லைக்கோடு போட்டோம். அடி உதை, கட்டாயத் திருமணம், சாதியின் பெயரால் ஒதுக்குவது ஆகியவை இருபக்கக் கருத்துப் பகுதிக்குள் வராது. அங்கே பாடம் ஒரே வாக்கியத்தில் பேசுகிறது: இது தவறு, யார் வழக்கமானாலும் தவறு. இந்தக் கோட்டுக்கு மூத்தவர்களிடமிருந்து எதிர்ப்பு வரும் என்று தயாராக இருந்தேன். வரவே இல்லை.

அதன்பின்

நான்கு மாதத்தில் 7 வகுப்புகளில் பாடம் நடந்தது, 5 ஆசிரியர்கள் அறிக்கை அனுப்பினார்கள். மூன்று இடத்தில் நன்றாகப் போனது. ஓர் ஆசிரியர் முதல் வாக்கியத்தை மட்டும் நடத்திவிட்டு மாணவியின் வரியை விட்டுவிட்டார், ‘நேரம் இல்லை’ என்று எழுதியிருந்தார். ஒரு வகுப்பில், பிள்ளை வீட்டுக்குப் போய், “என்னை ஏன் கேக்கலை?” என்று கேட்டதாகப் பெற்றோர் ஒருவர் வந்து சத்தம் போட்டார். வகுப்பு ஆசிரியர் அவரை உட்காரவைத்து, அவருடைய அப்பா வளர்ந்த தோட்டத்தைப் பற்றிக் கேட்டாராம். பேச்சு அரை மணி நேரம் போனது. அவர் ஒப்புக்கொண்டாரா என்பது அறிக்கையில் இல்லை, ஆனால் பிள்ளையை நிறுத்தவில்லை. தலைமையாசிரியர் தன் வட்டார வகுப்பில் தானே நாற்காலியைப் பிடித்து நின்று காட்டினார்.

இதற்கெல்லாம் ஒருவர் விலை கொடுத்தார். மாணவி முதல் நாள் சொன்ன குடும்பக் கூட்டத்தின் கதை, பயிலரங்கில் இருந்த தூரத்து உறவினர் ஒருவர் வழியாக அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. வீட்டு விஷயத்தை ஊருக்கு முன் பேசினாய் என்று இரண்டு வாரம் அவரிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. படிப்பு நிற்கவில்லை, அதுவரை நல்லது. தொடர் சந்திப்புக்கு அவர் வரவில்லை. விஷயம் தெரிந்ததும் அவருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். “மன்னிப்பு வேணாம் சார். அடுத்த தடவை யாரையும் எழுப்பி நிக்க வைக்காதீங்க,” என்றார்.

அறையில் உறவினர்கள் யாராவது இருக்கிறார்களா என்று நான் கேட்டதே இல்லை. சின்ன சமூகம் எங்களுடையது, ஒருவருக்கு ஒருவர் ஏதோ ஒரு வழியில் சொந்தமாகத்தான் இருப்பார்கள். இது எனக்குத் தெரியாத செய்தி அல்ல.

மாற்றியவை

இனி எந்த அமர்விலும் யாரையும் பெயர் சொல்லியோ கை காட்டியோ பேச அழைப்பதில்லை. சொந்த அனுபவம் கேட்கும் எல்லாப் பயிற்சியும் முதல் மணியிலிருந்தே பெயரில்லாச் சீட்டில்தான் நடக்கும், இரண்டாம் நாளிலிருந்து அல்ல. பதிவுப் படிவத்தில், உறவினரோ மேலதிகாரியோ உடன் வருகிறாரா என்று ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறோம்.

1941 பட்டியல் முதல் நாள் காலைக்கு வந்துவிட்டது. 1948 பிரகடனம் இரண்டாம் நாள் பிற்பகலுக்குப் போயிருக்கிறது. அதன் பக்கத்திலேயே கணபதிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். பிரகடனத்தை ஆதரித்த அரசே அதை மீறியது என்பதை நாங்களே முதலில் சொல்லிவிடுகிறோம், எவரும் எழுந்து நின்று கேட்கும் வரை காத்திருப்பதில்லை. நல்ல ஒன்றைப் பிறர் போலியாகப் பேசினார்கள் என்பதற்காக நாம் அதை விட்டுக்கொடுக்க வேண்டுமா என்று அடுத்த கேள்வியாகக் கேட்கிறோம். இதற்குப் பயிலரங்குக்குப் பயிலரங்கு வெவ்வேறு பதில் வருகிறது.

மாணவியின் வரியை எந்த ஆசிரியரும் தாண்டிப் போகாதபடி, அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு மாற்றியிருக்கிறோம், அவரைக் கேட்ட பிறகு. அடுத்த பயிலரங்கின் முதல் நாள் காலையில் பட்டியலைப் படிக்கத் தலைமையாசிரியர் வருகிறார்.